கேளாமலே வேலை செய்யும் நரம்புகள்

விடியற்காலையில் கித்தா மரத்தைச் சீவப் போகிறோம். கத்தியைப் பிடிப்பது, பட்டையைச் சீவுவது, மங்கைத் துடைத்து வைப்பது எல்லாம் நம் கை செய்கிற வேலை. ஆனால் சீவிய பிறகு பால் வடிகிறதே, அதை நாம் செய்கிறோமா? இல்லை. நாம் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறோம். பால் தன் பாட்டுக்கு வடிகிறது. நம் உடம்புக்குள்ளும் இப்படி இரண்டு வகை வேலைகள் நடக்கின்றன. நடப்பது, பேசுவது, பாரம் தூக்குவது எல்லாம் நாம் நினைத்துச் செய்பவை. இதயம் துடிப்பது, எச்சில் ஊறுவது, வியர்ப்பது, குடல் அசைவது, எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கே இறங்கிவிடாமல் மூளைக்கு ஏறுவது ஆகியவை நம்மைக் கேளாமலே நடக்கின்றன. இந்த இரண்டாவது வகை வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் நரம்புகளுக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று பெயர்.

தசைகளைச் சோர்வடையச் செய்யும் சில நோய்களில் இந்தத் தானியங்கு நரம்புகளும் எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். இவை அபூர்வமான நோய்கள். அப்படியானால் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அபூர்வமாக இருப்பதனால்தான் வீட்டிலும் வேலையிடத்திலும் இவற்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தத் தவறில் உயிரே போகக்கூடும்.

ஒரு மனிதரை எண்ணிப் பாருங்கள். நம் லயத்தில் இருக்கும் ஓர் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். காலையில் நன்றாகத்தான் பெரட்டுக்கு வருகிறார். பொழுது ஏற ஏறக் கண் இமை தொங்குகிறது. மாலையில் பேச்சுக் குழறுகிறது. சோற்றைப் பாதி மென்றதும் தாடை ஓய்ந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? சம்சு போட்டிருக்கிறான் என்பார்கள். வீட்டில் உள்ளவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். அவரோ ஒரு சொட்டுக் கூடக் குடித்திருக்கமாட்டார். இரவு தூங்கி எழுந்தால் இமை மறுபடியும் தூக்கி நிற்கும். ஓய்வெடுத்தால் தேறி, வேலை செய்தால் சோர்வதுதான் இந்த நோயின் அடையாளம். மருத்துவர்கள் இதை மயஸ்தீனியா கிராவிஸ் என்பார்கள். நாம் தசைக் களைப்பு நோய் என்று வைத்துக்கொள்வோம்.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள நாம் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஆஸ்திரியா நாட்டில் கிராஸ் என்ற ஊரில் ஓட்டோ லோவி என்ற அறிஞர் இருந்தார். நரம்பு எப்படி இதயத்துக்குக் கட்டளை கொடுக்கிறது என்பது அந்தக் காலத்தில் தெரியாது. மின்சாரம் போலப் பாய்கிறது என்றார்கள் சிலர். ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்றார்கள் வேறு சிலர். 1921-ஆம் ஆண்டில் ஒரு நாள் இரவு லோவிக்குத் தூக்கத்தில் ஒரு சோதனை தோன்றியதாம். விழித்துக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை! மறு இரவும் அதே கனவு வந்தது. இம்முறை அவர் ஏமாறவில்லை. எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தில் இருந்த உப்பு நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஒரு பொருளைச் சுரந்துதான் செய்தி சொல்கிறது என்பது உறுதியாயிற்று. இதற்காக 1936-இல் அவருக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேல் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின். பெயர் கடினம், நாம் தூதுவன் என்று சொல்லிக்கொள்வோம். நரம்பின் முனையிலிருந்து தூதுவன் புறப்படுகிறான். எதிரில் இருக்கும் தசையின் மேல் அவன் நுழைவதற்குக் கதவுகள் உண்டு. கதவைத் தட்டினதும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்த தூதுவனை உடனே கூட்டித் தள்ளுவதற்கு ஒரு துப்புரவாளனும் அங்கே இருக்கிறான். கூட்டித் தள்ளாவிட்டால் கதவு ஓயாமல் தட்டப்படும். தசை தவித்துப் போகும்.

கவனிக்க வேண்டியது இதுதான். இதே தூதுவன் கை கால் தசையில் மட்டும் வேலை செய்வதில்லை. எச்சில் சுரப்பியிலும், குடலிலும், சிறுநீர்ப்பையிலும், இதயத்திலும், வியர்வைச் சுரப்பியிலும், கண்ணின் பாவையிலும் அவன்தான் தூது போகிறான். ஆனால் அங்கே உள்ள கதவுகளின் அமைப்பு வேறு.

தசைக் களைப்பு நோயில் நடப்பது ஒரு வகையான உள்வீட்டுச் சண்டை. வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், வழிதவறி, நம் தசையின் கதவுகளையே உடைக்கின்றன. 1973-இல் அமெரிக்காவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர், மின்சார விலாங்கு மீனிலிருந்து இந்தக் கதவுப் பொருளை எடுத்து முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கியது. அவையும் களைத்துச் சாய்ந்தன. நோயின் வேர் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. உடைபடுவது தசையின் கதவுகளே. குடலின் கதவும் இதயத்தின் கதவும் வேறு வகை என்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே இந்த நோயாளிக்கு வாய் ஊறும், குடல் அசையும், வியர்க்கும்.

அப்படியானால் தொல்லை எங்கிருந்து வருகிறது? மருந்திலிருந்து வருகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்ற பகுதியில் ஒரு நச்சு அவரை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனை அந்த அவரைக் கரைசலைக் குடிக்கச் செய்வார்கள். பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி! அந்தக் கொட்டையில் இருக்கும் பொருள் துப்புரவாளனைக் கட்டிப் போட்டுவிடும். 1934-இல் இங்கிலாந்தில், கிரீனிச் நகரத்து மருத்துவமனை ஒன்றில், மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர் இந்தப் பொருளைத் தசைக் களைப்பு உள்ள ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். தொங்கிக்கொண்டிருந்த இமை மேலே எழுந்தது. சில மணி நேரம்தான். பிறகு மறுபடி தொங்கியது. ஆனால் வழி திறந்துவிட்டது. கதவுகள் குறைந்து போன இடத்தில், தூதுவன் அதிக நேரம் நின்று தட்டினால், மிஞ்சிய கதவுகளாவது திறக்கும் அல்லவா? இன்று இந்த நோயாளிகள் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. போட்ட அரைமணி முக்கால் மணியில் பலன் தெரியும். மூன்று நான்கு மணி நேரம் நிற்கும்.

ஆனால் மாத்திரைக்குத் தசை எது, குடல் எது என்று தெரியாது. உடம்பு முழுவதும் துப்புரவாளனைக் கட்டிப் போடுகிறது. அதனால் வயிற்றை முறுக்குகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, எச்சில் ஒழுகுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது, சிலருக்கு நாடி மெதுவாகிறது. வயிற்றுக் கடுப்புக்குப் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், நேரத்தை மாற்றுவார், வயிற்றை அடக்க வேறு மருந்தும் கொடுப்பார். மாத்திரையோடு ரொட்டித் துண்டோ கஞ்சியோ சேர்த்துக்கொண்டால் பலருக்குக் கடுப்புக் குறையும். விழுங்கக் கஷ்டப்படுபவர்கள் மட்டும் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டால், சாப்பிடும்போது தொண்டைக்குப் பலம் இருக்கும். இதையும் மருத்துவரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

இதைவிடப் பெரிய ஆபத்து பாசத்தால் வருவது. அண்ணன் சோர்ந்து கிடக்கிறார். ஒரு மாத்திரைக்கு ஒன்றரை மணி நேரத்தில் இன்னொன்று கொடுத்தால் தேறுவார் என்று வீட்டில் நினைக்கிறார்கள். தூதுவன் அளவுக்கு மீறிக் குவிந்தால் தசை தேறாது, மேலும் தளரும். சளியும் எச்சிலும் நெஞ்சில் கட்டும், மூச்சு முட்டும். மருந்து குறைந்தாலும் மூச்சு முட்டும், கூடினாலும் மூச்சு முட்டும். வெளியிலிருந்து பார்த்து இது எது என்று நம்மால் சொல்ல முடியாது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, ஒரு மூச்சில் இருபது வரை எண்ண முடியவில்லை, தண்ணீர் மூக்கு வழியே வருகிறது, இருமிச் சளியைத் தள்ளச் சக்தியில்லை என்றால் மறு மாத்திரை தேடக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும், அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றி அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி நம் தோட்டத்துக்கே உரிய செய்தி ஒன்று. புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் நஞ்சையும் நாம் மருந்து என்றே சொல்கிறோம். மருந்தடிக்கப் போகிறேன் என்கிறோம். வேடிக்கை என்னவென்றால் பூச்சி மருந்துகளில் ஒரு வகைக்கு இந்தப் பெயர் உண்மையாகவே பொருந்துகிறது! 1930-களில் ஜெர்மனியில் பூச்சிகளைக் கொல்ல வழி தேடியபோது உருவான ஆர்கனோபாஸ்பேட் என்ற வகை, அந்த மாத்திரை செய்யும் அதே காரியத்தைச் செய்கிறது. துப்புரவாளனைக் கட்டிப் போடுகிறது. மாத்திரை சில மணி நேரத்தில் கட்டை அவிழ்த்துவிடும். பூச்சி மருந்தோ எளிதில் அவிழ்க்காது. கார்பமேட் என்ற மற்றொரு வகைப் பூச்சி மருந்து மாத்திரையின் நெருங்கிய உறவினம். ஆகவே பூச்சி மருந்து உடம்பில் ஏறியவருக்கு என்ன வரும்? எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், வியர்க்கும், வாந்தி வரும், வயிறு போகும், கண் பாவை ஊசிமுனை போலச் சுருங்கும், நாடி தளரும். மாத்திரை அதிகமானவருக்கும் இதுவேதான் வரும்.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் தெரிகின்றன. தசைக் களைப்பு நோய் உள்ளவர் பூச்சி மருந்து அடிக்கும் வேலைக்குப் போகக் கூடாது. மாத்திரையும் நஞ்சும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து வேறு வேலை கேட்க வேண்டும். அதில் வெட்கம் எதற்கு? அவர் வேலைக்குப் போகாவிட்டாலும், வீட்டில் வேறு யாராவது மருந்தடித்துவிட்டு வந்தால், அந்தத் துணியைத் தனியாக ஊறவைத்துத் துவைக்க வேண்டும்; மருந்துக் கலத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இரண்டாவது, மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனால், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையையும், அன்று அடித்த மருந்தின் பெயர்ச்சீட்டையும் இரண்டையும் காட்ட வேண்டும். புல்லுக்கு அடிக்கும் மருந்துகள் பெரும்பாலும் வேறு வழியில் நஞ்சாகின்றன. பல ஆண்டுகள் நம் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த பேராகுவாட், நுரையீரலைக் கெடுப்பது. அது மலேசியாவில் 2020-ஆம் ஆண்டிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. எல்லா நஞ்சுக்கும் ஒரே முறிப்பு இல்லை என்பதனால்தான் பெயர்ச்சீட்டைக் கேட்கிறோம்.

அடுத்து, தானியங்கு நரம்புகளை நேராகவே தாக்கும் ஒரு நோய். இதை 1956-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த லாம்பர்ட், ஈட்டன் முதலியோர் தெளிவாக எழுதி வைத்தார்கள். லாம்பர்ட்-ஈட்டன் நோய் என்றே பெயர். இதில் எதிர்ப்பொருள் தசையின் கதவை உடைப்பதில்லை. நரம்பின் முனையில், தூதுவன் புறப்படும் வாசலையே அடைக்கிறது. அந்த வாசல் கைகால் நரம்பிலும் இருக்கிறது, கேளாமலே வேலை செய்யும் நரம்பிலும் இருக்கிறது. ஆகையால் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன.

இந்த நோயாளிக்கு முதலில் தொடை தளரும். குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது. படி ஏற முடியாது. கூடவே வாய் வறண்டு போகும். முன்பு சொன்ன மாத்திரைக்காரருக்கு எச்சில் ஒழுகியது, இவருக்கு நேர்மாறு. சோறு தொண்டையில் ஒட்டும், நாக்கில் இரும்புச் சுவை தட்டும். மலச்சிக்கல் வரும். வியர்வை குறையும். எழுந்து நின்றால் கண் இருட்டும். ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு ஏற்படும். இந்தக் கடைசிச் செய்தியை வானொலியில் பேச வேண்டுமா என்று நாமும் சற்று யோசித்தோம். பேசத்தான் வேண்டும். நம் ஆண்கள் கால் தளர்ச்சியை மட்டும் சொல்லி இதை மறைத்துவிடுகிறார்கள். வீட்டிலோ தேவையில்லாத சந்தேகமும் சண்டையும் வளர்கின்றன. கால் தளர்ச்சி, வாய் வறட்சி, ஆண்மைக் குறைவு மூன்றையும் சேர்த்துக் கேட்டால் மருத்துவருக்குச் சட்டென்று வழி தெரியும். தனித்தனியாகக் கேட்டால் மூன்று தனி மருந்துகள்தான் கிடைக்கும்.

வழி தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உள்ளே ஒரு புற்றுநோய் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது புகை பிடிப்பவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய். அந்தப் புற்றை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பொருள்தான் நரம்பின் வாசலையும் அடைக்கிறது. மார்பில் எந்தக் குறியும் தெரியாத காலத்திலேயே கால் தளர்ந்து எச்சரிக்கை கொடுத்துவிடுவது உண்டு. நாற்பது ஐம்பது வயதுக்கு மேல், சிகரெட் பழக்கமும் உள்ளவர் ஒருவருக்கு இப்படிக் காலும் வாயும் சேர்ந்து கெட்டால் ஒத்திப்போட நேரமில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்தால் கால் தளர்ச்சியும் பலருக்குக் குறைகிறது. வாசலைச் சற்று அதிக நேரம் திறந்து வைக்கும் அமிஃபாம்பிரிடின் என்ற மாத்திரையும் உலகில் இப்போது உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் உள்ளவர்களுக்கெல்லாம் இந்த நோய் என்று பயந்துவிடாதீர்கள். நம் மக்களிடையே நீரிழிவுதான் இவற்றுக்கு மிகப் பெரிய காரணம். நீண்ட நாள் நீரிழிவு தானியங்கு நரம்புகளைத் தானே அரித்துவிடும். முதலில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

கில்லான்-பாரே என்று மற்றொரு நோய், 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பாதத்திலிருந்து மேல்நோக்கித் தளர்ச்சி ஏறும். அதிலும் இரத்த அழுத்தம் ஒரு மணி நேரம் மலை, மறு மணி நேரம் மடு என்று ஆடும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும். கை கால் தேறுவதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனையில் கம்பிகளை மாட்டி வைத்துக் கவனிப்பது இதற்காகத்தான். வீட்டுக்கு அழைத்துப் போய் எண்ணெய் தேய்த்து நீவலாம் என்று கேட்டு நிற்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம். எழுந்தால் கண் இருட்டுபவர் படுக்கையிலிருந்து துள்ளி எழக் கூடாது. விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டி, பிறகு எழ வேண்டும். நிற்கும்போது மயக்கம் வந்தால் காலைக் குறுக்கே பின்னித் தொடையை இறுக்கினால் இரத்தம் மேலே ஏறும். பெரட்டுக் களத்தில் வெகு நேரம் நிற்பது இவர்களுக்கு ஆகாது. ஓர் ஓரத்தில் உட்கார விடும்படி மண்டோரிடம் சொல்லி வையுங்கள். கிளினிக்கில் படுத்த நிலையிலும், எழுந்து மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண் இருபதோ கீழ் எண் பத்தோ இறங்கினால் நரம்பு தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். வியர்வை குறைந்தவருக்கு நடுப்பகல் வெயில் எமன். உடம்பு குளிர வழியில்லாமல் சூடேறிவிடும். அவருக்கு ஈரத்துண்டும் நிழலும் வேண்டும். தசைக் களைப்பு உள்ளவருக்கும் வெப்பம் ஆகாது. தொங்கிய இமை மேல் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி இரண்டு நிமிடம் வைத்தால் இமை தூக்குவதை மருத்துவர்களே ஒரு சோதனையாகச் செய்து பார்ப்பதுண்டு.

மற்ற நோய்களுக்கு மருந்து வாங்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். அந்தக் காலத் தோட்டங்களில் மலேரியாவுக்கு டிரசர் ஐயா கொடுத்த கசப்புக் கொயினா பாட்டன் பாட்டி கதைகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கொயினா தசைக் களைப்பு நோயாளியைக் கீழே தள்ளிவிடும். ஜென்டமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகள், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், ஊசியில் ஏற்றும் மெக்னீசியம் ஆகியவையும் அப்படியே. ஆகவே பல் பிடுங்கப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும், அறுவைக்கு மயக்கம் கொடுக்க வந்தாலும், முதல் வார்த்தையாக நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் மருத்துவரிடமே ஒரு சீட்டில் மலாயில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

அந்த அண்ணனுக்கு ஒரு பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருக்குமே. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு இமை தொங்கியது, எப்போது வயிறு கடுத்தது, எப்போது வியர்த்தது என்று அந்தப் பிள்ளை எழுதி வரட்டும். அடுத்த தவணைக்குப் போகும்போது மாத்திரை அட்டையோடு அந்த நோட்டையும் மேசை மேல் வையுங்கள். பத்து நிமிடப் பரிசோதனையில் மருத்துவர் காண முடியாததை, அந்தப் பிள்ளையின் எழுத்து அவருக்குக் காட்டிவிடும்.